பழைய பென்னி, பழைய சென்ட்: எதற்கு விலை, எதற்கு இல்லை

கனடாவின் 1859-ஆம் ஆண்டு ஒரு சென்ட் காசும் 1925-ஆம் ஆண்டு ஒரு சென்ட் காசும் ஒரே டப்பாவில் கிடைத்தால், பெரும்பாலானவர்கள் பத்திரப்படுத்துவது 1859-ஐத்தான். விக்டோரியா மகாராணியின் இளவயது முகம், நூற்றறுபது வருடத்துக்கு மேற்பட்ட பழமை, கையில் வைத்தாலும் பெரிய காசு. பக்கத்தில் கிடக்கும் 1925 சின்னதாக, சாதாரணமாக இருக்கும். ஆனால் இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருந்தால், நாணய வியாபாரி 1925-க்குத்தான் பல மடங்கு கூடுதலாகக் கொடுப்பார்.

காரணம் எளிது. இன்றைய ஒன்டாரியோ, கியூபெக் பகுதிகள் அடங்கிய அன்றைய கனடா மாகாணம், 1858-இல் டாலர்–சென்ட் கணக்குக்கு மாறியது. அதற்காக லண்டனின் அரசு நாணயச் சாலையான ராயல் மின்ட் ஒரு கோடி சென்ட் அடித்துக் கொடுத்தது. அதில் 4,21,000 காசில் 1858 என்றும் மீதி 95,79,000 காசில் 1859 என்றும் தேதி இருந்தது. ஒவ்வொன்றும் 4.54 கிராம், அதாவது நூறு காசு ஒரு பவுண்டு எடை. விட்டம் சரியாக ஓர் அங்குலம். காசுக்குப் பதிலாக வங்கிகள் வெளியிட்ட கனமான செப்பு டோக்கன்களுக்குப் பழகியிருந்த ஜனங்களுக்கு இந்த லேசான காசு பிடிக்கவில்லை. மூட்டை மூட்டையாகத் தேங்கியது. அடுத்த சென்ட் அடிக்க 1876 வரை தேவையே ஏற்படவில்லை. அப்போதும் எடையை 5.67 கிராமாகக் கூட்டித்தான் அடித்தார்கள். அதனால் 1859 இன்றும் எங்கு பார்த்தாலும் கிடைக்கிறது. 1925-இல் ஒட்டாவா நாணயச் சாலை அடித்ததோ 10,00,622 சென்ட் மட்டும். அது புழக்கத்தில் இறங்கி, மற்ற கோடிக்கணக்கான காசுகளோடு கலந்து கரைந்துவிட்டது.

பழைய செப்புக்காசை மதிப்பிடுவதில் முதலில் கழற்றி வைக்க வேண்டியது வயது மீதான மோகத்தை. தங்கக் காசைப் பூட்டி வைத்தார்கள், வெள்ளியை உருக்கினார்கள். செம்பு மட்டும் ரொட்டிக்கும் பீருக்கும் தபால் தலைக்கும் கை மாறிக்கொண்டே இருந்தது. யாரும் அதைச் சேமிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அதனால்தான் தேய்ந்த பழைய செப்புக்காசுக்கு உலகத்தில் பஞ்சமே இல்லை. தேயாத பழைய செப்புக்காசு கிடைப்பதுதான் அபூர்வம். இந்த வியாபாரத்தில் மற்ற எல்லாக் கணக்கும் இந்த ஒரு விஷயத்தில் இருந்துதான் கிளம்புகிறது.

உலோக விலை என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் பொருட்படுத்தும்படி இல்லை. 1860-க்குப் பிந்தைய பிரிட்டிஷ் பென்னி 9.4 கிராம், 48 பென்னி சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு எடை வரும். அந்த எடைக்குப் பழைய உலோகக் கடையில் என்ன கிடைக்குமோ அவ்வளவுதான்.

எடையால் ஏமாற்றுவதில் 1797-ஆம் ஆண்டு 'வண்டிச் சக்கர' காசுகளை அடித்துக்கொள்ள முடியாது. பர்மிங்காமில் மேத்யூ போல்ட்டன் தன் சோஹோ ஆலையில் நீராவி எந்திரம் கொண்டு அடித்த காசுகள் இவை. பென்னி ஓர் அவுன்ஸ், அதாவது 28.3 கிராம், இரண்டு பென்னி அதற்கு இரட்டை எடை. காசின் முகமதிப்புக்கு ஈடான செம்பு அதில் இருக்க வேண்டும் என்பதுதான் அன்றைய எண்ணம். அகலமான விளிம்பில் எழுத்துகள் பள்ளமாகப் பதிந்திருக்கும். எடை துல்லியமாக இருந்ததால் வீட்டுத் தராசில் படிக்கல்லாகக்கூடப் பயன்படுத்தினார்கள். கையில் எடுத்தவர்களுக்கு ஏதோ புதையல் கிடைத்த உணர்வு வரும். ஆனால் பென்னி சுமார் 86 லட்சம், இரண்டு பென்னி சுமார் 7 லட்சத்து 20 ஆயிரம் அடிக்கப்பட்டன. இவ்வளவு கனமான காசைத் தூக்கி எறிந்துவிடவும் யாருக்கும் மனம் வராது. தேய்ந்து, ஓரத்தில் அடிபட்ட பென்னி இன்று பத்து இருபது பவுண்டு பெறும். ஓரத்தில் அடிபடாத வண்டிச் சக்கரம் கிடைப்பது கஷ்டம். தன் எடையாலேயே கீழே விழும்போதெல்லாம் நசுங்கியது அது. அப்படி முழுசாகத் தப்பியதற்கு விலை வேறு.

செப்புக்காசு என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, 1860-இல் பிரிட்டன் வெண்கலத்துக்கு மாறிவிட்டது. 95 பங்கு செம்பு, 4 பங்கு வெள்ளீயம், 1 பங்கு துத்தநாகம். அதுவரை பென்னி 18.8 கிராம் எடையும் 34 மில்லிமீட்டர் விட்டமுமாக இருந்தது. பிறகு எடை பாதியானது, விட்டமும் 31-க்கு இறங்கியது. மாறிய அந்த ஒரு வருடத்தில்தான் சுவாரசியம் இருக்கிறது. 1860 என்று தேதியிட்ட வெண்கலப் பென்னி சர்வ சாதாரணம். அதே 1860 தேதியில் பழைய கனமான செப்புப் பென்னி மிக அரிது. பழைய அச்சில் 59-ன் மேலேயே 60-ஐப் பொறித்து அடித்தவை அவை. ஒரு சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் போதும், இரண்டையும் பிரித்துவிடலாம்.

எத்தனை காசு அடித்தார்கள் என்ற கணக்கை மட்டும் நம்பினாலும் தடுமாறுவோம். எத்தனை தப்பிப் பிழைத்தன, எப்படிப் பிழைத்தன என்பதே முக்கியம். பிரிட்டனில் 1950-இல் 2,40,000 பென்னியும், 1951-இல் வெறும் 1,20,000 பென்னியும்தான் அடிக்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டுக்கு இது மிகச் சின்ன எண். ஆனால் இவை பெரும்பாலும் பெர்முடாவுக்குப் போயின. எண்ணிக்கை குறைவு என்று தெரிந்ததும் வியாபாரிகள் அங்கிருந்து திரும்ப வாங்கிக் குவித்துவிட்டார்கள். அதனால் 1951 பென்னி கிடைத்தால் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே கிடைக்கும். விலை சில பத்து பவுண்டுகளில் முடிந்துவிடும். 1869 பென்னியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் 25 லட்சத்துக்கு மேல் அடித்தார்கள், 1951-ஐப் போல இருபது மடங்குக்கும் அதிகம். ஆனால் யாரும் எடுத்து வைக்கவில்லை, புழக்கத்திலேயே தேய்ந்து மொட்டையாகிவிட்டது. நல்ல நிலையில் உள்ள 1869 பென்னிக்குச் சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்வார்கள்.

எல்லோருக்கும் தெரிந்த பெயர் 1933 பென்னி. அந்த வருடம் வங்கிகளிடம் பென்னி போதுமான அளவுக்கு இருந்ததால் புழக்கத்துக்கு அடிக்கவே இல்லை. கட்டிட அடிக்கல்லில் வைக்கவும் அருங்காட்சியகத்துக்கும் என்று ஏழு போல அடித்தார்கள். 1970-இல் லீட்ஸ் நகரத் தேவாலயம் ஒன்றின் அடிக்கல்லைப் பெயர்த்து அதிலிருந்த 1933 பென்னியைத் திருடிக்கொண்டு போனார்கள் என்றால் அதன் மவுசைப் புரிந்துகொள்ளலாம். இன்னொரு தேவாலயத்தில் இருந்ததை, திருட்டுப் போவதற்குள் நிர்வாகமே தோண்டி எடுத்து ஏலத்தில் விற்றுவிட்டது.

கனடாவில் இதற்கு இணையானது 1936-ஆம் ஆண்டின் 'புள்ளி' சென்ட். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1936 ஜனவரியில் இறந்தார். அடுத்து வந்த எட்டாம் எட்வர்டு அதே வருடம் டிசம்பரில் முடி துறந்தார். ஆறாம் ஜார்ஜின் முகம் பொறித்த அச்சு லண்டனில் இருந்து வந்து சேரவில்லை. 1937 தொடக்கத்தில் சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது, 1936 அச்சிலேயே தேதிக்குக் கீழ் ஒரு சின்னப் புள்ளி வைத்து அடித்தார்கள். ஒரு சென்ட் 6,78,823 அடித்ததாகப் பதிவேடு சொல்கிறது. இன்று இருப்பதாகத் தெரிந்தவை மூன்றே மூன்று. அதில் ஒன்று 2010 ஜனவரியில் 4,02,500 அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. பதிவேட்டை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் 1936 புள்ளி சென்ட், 1925-ஐவிடக் கொஞ்சம்தான் அரிதானது என்று கணக்குப் போட்டிருப்போம்.

அடுத்தது எழுத்தும் அடையாளமும். இதற்கு ஒரு பத்து மடங்கு லென்ஸ் தேவை. ராயல் மின்டுக்கு வேலைப்பளு கூடும்போது பர்மிங்காமில் இருந்த ஹீட்டன் ஆலைக்கு ஒப்பந்தம் போகும். அங்கே அடித்த காசில் 'எச்' என்ற எழுத்து இருக்கும். 1918, 1919 பென்னிகளில் தேதிக்கு இடப்பக்கம் 'எச்' இருந்தால் ஹீட்டன், 'கே.என்.' இருந்தால் கிங்ஸ் நார்ட்டன். அந்த இரண்டு வருடத்தின் எழுத்தில்லாத பென்னி பைசா பெறாது; 'கே.என்.' உள்ளது நல்ல நிலையில் இருந்தால் மதிப்பு எங்கேயோ போய்விடும். கனடாவில் 1907 சென்ட் 24 லட்சம், 'எச்' உள்ள 1907 சென்ட் 8 லட்சம். விலை வித்தியாசம் மூன்று மடங்கோடு நிற்பதில்லை.

1882-இல் இதற்கு நேர்மாறு. அந்த வருடம் லண்டன் நாணயச் சாலையில் எந்திரங்களை மாற்றிக்கொண்டிருந்ததால் பென்னி வேலை ஹீட்டனுக்குப் போனது. அதனால் 'எச்' உள்ள 1882 சாதாரணம், 'எச்' இல்லாததுதான் அபூர்வம். ஒரு எழுத்து இல்லாமல் இருப்பதற்கு விலை என்றால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எழுத்து தேய்ந்துபோன காசுகளையும், சுரண்டி எடுத்த காசுகளையும் 'எச் இல்லாத 1882' என்று விற்கிறார்கள். தேதிக்கு அடியில் மட்டும் பரப்பு சற்றே குழிந்து அல்லது வழுவழுப்பாக இருந்தால் வாங்காமல் நகர்ந்துவிடுவது நல்லது.

கனடாவின் 1891 சென்ட்டில் தேதி பெரியதா சிறியதா, ஓரத்துக் கொடியின் இலை பெரியதா சிறியதா என்று பார்க்க வேண்டும். பெரிய இலையும் சிறிய தேதியும் சேர்ந்து வந்தால்தான் அதிக விலை. 1955 சென்ட்டிலும் இப்படி ஒன்று உண்டு. எலிசபெத் ராணியின் தோளில் உடை மடிப்பு சரியாக விழவில்லை என்று 1953-லேயே அச்சைத் திருத்தினார்கள். திருத்தாத பழைய அச்சு ஒன்று 1955-இல் தவறுதலாக எந்திரத்தில் ஏறிவிட்டது. தேய்ந்த காசில் மடிப்பைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ராணியின் பட்டத்தில் வரும் 'ஐ' எழுத்தைப் பாருங்கள். அதன் இரு முனைகளும் விரிந்திருந்தால் பழைய அச்சு, நேராக இருந்தால் புதியது. 1955-இல் ஐந்து கோடிக்கு மேல் சென்ட் அடித்தார்கள், அதில் இந்த ரகம் மட்டும் நூற்றுக்கணக்கான டாலருக்குப் போகிறது.

அடையாளம் இருந்தாலே விலை என்றும் இல்லை. 1947 சென்ட்டில் தேதிக்குப் பக்கத்தில் குட்டி மேப்பிள் இலை ஒன்று இருந்தால், அதில் நம் சரித்திரமும் இருக்கிறது. இந்தியா சுதந்திரம் அடைந்ததும் மன்னரின் பட்டத்தில் இருந்து 'இந்தியாவின் சக்கரவர்த்தி' என்ற பகுதியை எடுக்க வேண்டியிருந்தது. புது அச்சு லண்டனில் இருந்து வரத் தாமதமானதால், 1948-இல் பழைய 1947 அச்சிலேயே ஓர் இலையைச் சேர்த்து ஒட்டாவாவில் அடித்தார்கள். கதை அருமை. ஆனால் அடித்தது நாலு கோடிக்கு மேல். வாங்கி வைத்துக்கொள்ள அழகான காசு; விற்றுப் பணம் பார்க்கும் காசு இல்லை.

இனி நிலைமைக்கு வருவோம், ஏனென்றால் செம்பில் கடைசித் தீர்ப்பு சொல்வது இதுதான். 1862 பென்னி ஐந்து கோடிக்கு மேல் அடிக்கப்பட்டது. தேய்ந்தது ஒன்றிரண்டு பவுண்டுக்குக் கிடைக்கும். அதே பென்னி, அச்சில் இருந்து வந்த செந்நிறப் பளபளப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் நிலையில், நூற்றுக்கணக்கான பவுண்டு. தேய்மானத்தைப் பார்க்க, காசில் உயரமான இடங்களைப் பார்க்க வேண்டும். கொண்டை போட்ட விக்டோரியா பென்னியில் காதுக்கு மேலே முடி இழை இழையாகப் பிரிந்து தெரிகிறதா, பின்புறம் பிரிட்டனைக் குறிக்கும் பெண் உருவமான பிரிட்டானியாவின் மார்புக் கவசம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். ஐந்தாம் ஜார்ஜின் கனடா சென்ட்டில் கிரீடத்தின் அடிப்பட்டைதான் அளவுகோல். நடு வைரமும் அதன் இரு பக்க முத்துகளும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். பட்டை வெறும் கோடாகிவிட்டால் விலையும் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். கனடாவில் அமெரிக்காவைப் போல 70 வரை எண் கொடுத்துத் தரம் பிரிக்கிறார்கள். பிரிட்டனில் 'ஃபைன்', 'வெரி ஃபைன்', 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்' என்று வார்த்தையில் சொல்வார்கள், அங்கே கொஞ்சம் கறார் அதிகம். லண்டன்காரர் 'வெரி ஃபைன்' என்று விற்கும் காசு அட்லாண்டிக்கைத் தாண்டினால் ஒரு படி ஏறிவிடும்.

நிறம் தனிக் கணக்கு. புதுக்காசின் மேல் உள்ள மினுமினுப்பு, அச்சு அடிக்கும்போது உலோகம் வெளிப்பக்கமாக ஓடியதால் வந்த நுண்ணிய வரிகளில் ஒளி பட்டுச் சுழல்வது. காலப்போக்கில் காற்று பட்டு அது பழுப்பாகும். அந்தப் பழுப்பு சீராக இருந்தால் அழகுதான், அதற்கும் மதிப்பு உண்டு. நம் வீடுகளில் செப்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கிப் பழகிய கை, பழைய காசைப் பார்த்ததும் சும்மா இருக்காது. துலக்கியதும் பளபளவென்று வந்துவிடும், விற்கப் போனால் பாதி விலை கூடத் தேறாது. புளியின் அமிலம் அழுக்கோடு அந்த நுண்வரிகளையும் கரைத்துவிடுகிறது. மிச்சமிருப்பது ஒரு மாதிரி இளஞ்சிவப்பு, உயிரில்லாத மினுக்கு. அனுபவப்பட்டவர் கண்ணுக்கு எட்டடி தூரத்திலேயே தெரியும். பித்தளை பாலிஷ், எலுமிச்சை, தக்காளி சாஸ் எல்லாம் இதே கதைதான். எண்ணெய்ப் பிசுக்கு, பிளாஸ்டிக் உறையின் பசை ஆகியவற்றைச் சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து எடுக்கலாம். தேய்க்கக் கூடாது. பச்சைக் களிம்பு பூத்திருந்தால் ஈரமில்லாத இடத்தில் தனியாக வையுங்கள், பி.வி.சி. உறைகளைத் தூக்கிப் போடுங்கள்.

பளபளப்பு எல்லாமே அசல் என்றும், கறுப்பு எல்லாமே அழுக்கு என்றும் முடிவு கட்டிவிடவும் கூடாது. 1897 முதல் சுமார் இருபது வருடம் பிரிட்டனில் ஃபார்திங் எனும் கால் பென்னிக் காசுகளை நாணயச் சாலையே வேண்டுமென்று கறுப்பாக்கி வெளியிட்டது. அளவில் அரை சவரன் தங்கக் காசுக்கு நெருக்கமாக இருந்ததால், புது ஃபார்திங்கை மினுக்கித் தங்கம் என்று தள்ளிவிடும் ஆட்கள் இருந்தார்கள். 1944 முதல் 1946 வரை பென்னிகளையும் இப்படிக் கறுக்க வைத்தார்கள். புதுக்காசு பளபளத்தால் ஜனங்கள் எடுத்துப் பதுக்குவார்கள் என்று பயம். இந்த வருடக் காசுகளைத் துலக்குவது, நாணயச் சாலை செய்து அனுப்பிய வேலையையே அழிப்பது.

வருடக் கணக்கில் பழையது, ஆனால் விலை இல்லை என்பதற்கு மெட்ராஸ் தொடர்புள்ள ஓர் உதாரணம் உண்டு. 1809 ஜனவரியில் 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் இங்கிலாந்துக் கரைக்கு அருகே குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. மெட்ராஸ் மாகாணத்துக்கான 1808 தேதியிட்ட பத்து காசு, இருபது காசு செப்பு நாணயங்கள் பீப்பாய் பீப்பாயாக அதில் இருந்தன. பர்மிங்காமின் அதே சோஹோ ஆலைச் சரக்கு. 1980-களில் கடலுக்கு அடியில் இருந்து லட்சக்கணக்கில் எடுத்தார்கள். புழக்கத்துக்கே வராத காசுகள், சில அச்சு மாறாமல் அப்படியே இருக்கின்றன. இருந்தும் பத்து இருபது பவுண்டுக்கு இன்றும் வாங்கலாம். சந்தையில் ஒரே நேரத்தில் வந்து விழுந்த கூட்டம் அப்படி.

1858-க்கு முந்தைய கனடா டோக்கன்கள் தனி உலகம். ஓரிரு வரியில் அடக்க முடியாது. கியூபெக் விவசாயி குளிர்காலக் குல்லாவோடு நிற்கும் 1837 வங்கி டோக்கன், புனித ஜார்ஜ் டிராகனைக் குத்தும் அப்பர் கனடா வங்கி டோக்கன் எல்லாம் பார்க்க அபூர்வமாகத் தெரிந்தாலும் எளிதாகக் கிடைப்பவை. ஆனால் மாண்ட்ரியால் வங்கிக் கட்டிடத்தைப் பக்கவாட்டில் காட்டும் 1838, 1839 டோக்கன்கள் கையில் வந்தால் நிபுணரிடம் காட்டாமல் விற்காதீர்கள். கட்டிடத்தை நேராகக் காட்டும் 1842, 1844 டோக்கன்கள் சாதாரணம்.

சரி, கடைசியில் எவ்வளவு கிடைக்கும்? கேட்லாக்கில் இருப்பது வியாபாரி விற்கும் விலை. அவர் உங்களிடம் வாங்கும்போது அதில் பாதி கொடுத்தால் நியாயமான ஆள். இணையத்தில் ஒருவர் கேட்கும் விலையைப் பார்க்காமல், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். 1967 பென்னிக்கு ஆயிரம் பவுண்டு கேட்பவர் எப்போதும் யாராவது இருப்பார். 65 கோடிக்கு மேல் அடித்த காசு அது, கிலோ கணக்கில் விற்கிறார்கள். காசின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் நிறுவனத்துக்கு அனுப்பி உறையில் இட்டு வாங்குவதும், அந்தக் கட்டணத்தைப்போல நாலைந்து மடங்கு மதிப்புள்ள காசுக்கு மட்டும்தான் கட்டுப்படியாகும்.

நம் ஊரில் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். 'உங்கள் பழைய காசுக்கு லட்சங்கள்' என்று வரும் விளம்பரங்களில், விற்பதற்கு முன் கமிஷன், வரி என்று உங்களிடமே பணம் கேட்பார்கள். தன் பெயரையே இதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2021-இல் எச்சரித்தது. அப்புறம், நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாணயம் 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே தாத்தா வைத்திருந்த 1797 பென்னியை லண்டன் ஏலத்துக்குத் தபாலில் அனுப்பும் யோசனை இருந்தால் விட்டுவிட்டு, இங்கேயே நாணயக் கண்காட்சியிலோ இந்திய ஏல நிறுவனங்களிலோ காட்டுங்கள்.